மலையைச் சுற்றின பெட்ரோல்

பெட்ரோலை மோந்து பார்த்தே ஓடும் வண்டி என்று தரகர் சொன்னார். எங்கள் வீட்டு வாசலில் நின்று, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஊத்தவே வேணாம் அண்ணாத்த. பங்க் பக்கமா ஓட்டிக்கினு போனாப் போதும்." என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஜனங்கள் இப்படி ஒரு பேச்சுப் பேசினால் அதை நாலு பேரிடம் திருப்பிச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் சிரித்து முடித்ததும் நினைத்துக்கொண்டேன், பேச்சுக்கே இவ்வளவு ஜரிகை வைக்கிறார் என்றால் துணி எங்கேயோ இற்றுப்போயிருக்கிறது.

அப்போது நயா பைசா வந்திருக்கவில்லை. அணாக் கணக்குதான். செங்கல்பட்டு ரயிலடிக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரைக்கும் போய்த் திரும்புகிற பஸ். நாங்கள் மகாபலிபுரம் என்றுதான் சொல்வோம். நான் வீட்டில் ரவிக்கை, பாவாடை தைத்துக்கொண்டிருந்தேன். தையலை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. என் பழைய ரவிக்கை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்துப் போட்டு, திரும்பச் சேர்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

பட்டணத்திலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறவர்களை என் வீட்டுக்காரர் தினமும் பார்ப்பார். கழுத்தில் கேமரா மாட்டின வெள்ளைக்காரர்கள் வருவார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் வருவார்கள். மலைக்குப் போகிற குடும்பங்கள் கூடையும் குழந்தையுமாக வரும். பஸ்ஸில் இடம் கிடைக்காது. ஜட்காவில் போனால் அரை நாள் போய்விடும். ஒரு சின்ன டாக்சி வாங்கி ரயிலடியில் போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவருக்கு ஆசை. முதலாளியிடம் திட்டு வாங்கி வருகிற நாட்களில் அந்த ஆசை இரண்டு மடங்காகும்.

கையில் இருந்த பணம் பாதி காருக்குத்தான் வரும். மீதிப் பாதி என் தையல் மிஷின். வீட்டில் விற்கிற மாதிரி வேறு சாமான் கிடையாது. பஜாரில் கடை வைத்திருந்த ஒரு தையல்காரர் வந்து, விலை கேட்டு, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு அவர் கை பட்ட இடத்தை நான் துணி போட்டுத் துடைத்தேன்.

அதனால் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். ஒரு கேலனுக்கு விற்கிறவர் சொல்கிற மைலை வண்டி கொடுத்தால் மிஷினைக் கொடுத்துவிடுவேன், முகம் சுளிக்க மாட்டேன். கொடுக்காவிட்டால் கார் என்ற பேச்சையே அவர் எடுக்கக் கூடாது. அவர் சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி என்றதே எனக்குப் பிடிக்கவில்லை.

தரகர் முதலில் காட்டியது ஒரு பெரிய வண்டி. முன்பக்கம் படகு மாதிரி நீண்டிருக்கும். விலை, சின்ன வண்டியைவிடக் குறைவு. அதிலேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. பெரிய சாமானை எவனாவது குறைந்த விலைக்குத் தருவானா? என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "அது மொடாக்குடியன்மே. வாங்கறது ஒரு தபா, ஊத்தறது தெனம்." பிறகு எனக்கு விளக்கமாகச் சொன்னார். மகாபலிபுரத்துக்குப் போகவர ஒரு கேலனில் முடிந்தால் வாடகையில் மிச்சம் நம் வீட்டுக்கு. இரண்டாவது கேலனைத் தொட்டுவிட்டால் மிச்சம் பங்க்காரர் வீட்டுக்கு. இது எனக்குச் சட்டென்று புரிந்தது. இரண்டு முழத் துணியில் முடிகிற ரவிக்கைக்கும் இன்னும் ஒரு சாண் கேட்கிற ரவிக்கைக்கும் உள்ள வித்தியாசம்தானே.

சின்ன வண்டி ஒரு பாயுடையது. பஜாருக்குப் பின்னால் புளி மண்டி வைத்திருந்தார். பார்க்கப் போனோம். மண்டிக்குள் புளி மூட்டைகளுக்கு நடுவில், பச்சை நிறத்தில், கைக்குழந்தை மாதிரி நின்றது. கதவைத் திறந்தால் உள்ளேயும் புளி வாசம். என் வீட்டுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்த விதத்தைப் பார்த்தால், என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் இவ்வளவு உற்றுப் பார்க்கவில்லை என்று தோன்றியது.

நான் மைல் மீட்டரைப் பார்த்தேன். முள் அசையாமல் கிடந்தது. கேட்டேன்.

"அது மவுத்தாயி ரெண்டு வருசம் ஆவுது தங்கச்சி" என்றார் பாய். "மறைக்கணும்னா துணி போட்டு மூடியிருப்பேன்."

"அப்ப கேலனுக்கு எவ்ளோ மைலுன்னு உங்களுக்கு எப்டி பாய் தெரியும்?"

"என் டப்புல ஊத்துறேன், எனக்குத் தெரியாதா? ஒரு கேலன் ஊத்து. மகாபலிபுரம் போயி கடல்ல கால நனைச்சிட்டு வா. நம்ம ஊரு எல்லையில வந்து நிக்கும். அதுக்கு முன்ன நின்னா வண்டிய எடுக்காதே."

ஏன் விற்கிறீர்கள் என்றும் கேட்டேன். வீட்டில் ஆள் பெருகிவிட்டது, கோவளம் தர்காவுக்குக் கிளம்பினால் இரண்டு நடை அடிக்க வேண்டியிருக்கிறது, பெரிய வண்டி எடுக்கப் போகிறேன் என்றார். அந்த வீட்டுப் பெண்களுக்கு நான் ரவிக்கை தைப்பேன். அளவு எடுக்கிற சாக்கில் போய், பாயின் மனைவியிடமும் கேட்டேன். அவரும் அதையே சொன்னார், அதே தர்கா, அதே இரண்டு நடை. இரண்டு பேர் சொல்வது இவ்வளவு அச்சாகப் பொருந்தினால் அது பேசி வைத்ததாகத்தான் இருக்கும் என்று நான் முடிவு கட்டினேன். பொருந்தாமல் இருந்திருந்தால் பொய் என்று சொல்லியிருப்பேன். என் புத்தி அந்த நாளில் அப்படி ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் அளந்து பிழைக்கிறவள். அளக்கிற கை எங்கே வழுக்கும் என்று எனக்குத் தெரியும். ஜவுளிக் கடைக்காரர் கஜக்கோலைத் துணியோடு சேர்த்து ஒரு விரல் நகர்த்துவார். கிருஷ்ணாயில்காரரின் அளவுக் குவளையில் அடியில் ஒரு நசுங்கல் இருக்கும். அதனால் வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாளில் எல்லாவற்றுக்கும் நானே காவல் இருந்தேன். டாங்கியில் இருந்த பழைய பெட்ரோலை என் எதிரில் ரப்பர் குழாய் விட்டு இறக்கச் சொன்னேன். பங்க்கில் கைப்பம்பை அடிக்க அடிக்கக் கண்ணாடிக் குடுவையில் பெட்ரோல் சிவப்பாக ஏறிற்று. ஒரு கேலன் கோட்டைத் தொட்டதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் டாங்கியில் இறக்க விட்டேன். நடுவழியில் நின்றால் ஊற்றுவதற்கு ஒரு தகரத்தில் தனியாகக் கொஞ்சம் வாங்கி, மூடியை நானே திருகி, என் காலடியில் வைத்துக்கொண்டேன்.

மீட்டர் செத்துப்போனதால் மைல்கல்லை எண்ண வேண்டும். அதற்கு மண்டியிலிருந்தே ஒரு பிடி புளியங்கொட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். கல்லைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கொட்டையை எடுத்து மடியில் இருந்த சுருக்குப்பையில் போடுவது என்று ஏற்பாடு.

தரகரும் ஏறிக்கொண்டார். வேண்டாம், உங்கள் கனமும் பெட்ரோல் குடிக்கும் என்றேன். "நான் காத்து அக்கா, என்னா கனம்" என்றார். அவர் பின்னால் உட்கார்ந்ததும் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்தது. இவர் வழியில் நமக்குத் தெரியாமல் டாங்கியில் ஊற்ற எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாரா என்று அவர் துண்டைக்கூட உதறிக் காட்டச் சொன்னேன். உதறினார். ஒரு வெற்றிலைப் பொட்டலம் விழுந்தது.

கிளம்பினோம். வயல்களுக்கு நடுவில் சாலை நேராகப் போயிற்று. வண்டி நன்றாகத்தான் ஓடியது, அதைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் பஸ்ஸில் கத்திக் கத்திக் கியர் போடுகிறவர். இதில் இரண்டு விரலால் போட்டார். நான் கல்லைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. தரகர் ஏதாவது பேச்சுக் கொடுத்து என் எண்ணிக்கையைக் குழப்பப் பார்க்கிறார் என்று தோன்றியதால் பதிலே பேசவில்லை.

திருக்கழுக்குன்றம் வந்தது. அவர் தேரடிப் பக்கம் வண்டியைத் திருப்பினார். எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு அது ஒரு வழக்கம். எந்தப் புது வண்டியைக் கையில் பிடித்தாலும் முதல் நடையில் மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் மேலே போவார்கள். பஸ் ஆனாலும் லாரி ஆனாலும் அப்படித்தான். யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. அடிவாரத்தில் நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல், வண்டி முன்னால் கற்பூரம் ஏற்றினார். முதல் நடையில் சாமி முன்னால் இஞ்சினை அணைத்தால் பிறகு வழியெல்லாம் அணையும் என்பார்கள். தரகர் தேங்காய் வாங்கப் போனவர் நிதானமாகத் திரும்பி வந்தார். அதற்குள் உச்சியில் குருக்கள் வைக்கிற சோற்றைக் கழுகு வந்து சாப்பிட்டுப் போய், அதைப் பார்த்த கூட்டம் படி இறங்கி ரோட்டில் நிறைந்துவிட்டது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் முதல் கியரிலேயே, ஆள் நடக்கிற வேகத்தில், மலையைச் சுற்றி வந்தோம். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இந்த வண்டியில் ஏதாவது சூது இருந்தால் எனக்குக் காட்டிக்கொடு என்று வேண்டிக்கொண்டேன்.

மகாபலிபுரத்தில் இறங்கக்கூட இல்லை. கடற்கரைக் கோயில் பக்கம் மணலில் வளைத்துத் திருப்பினோம். டீயாவது குடிக்கலாம் என்றார் தரகர். நீங்கள் குடித்தால் வண்டியும் குடிக்கும் என்றேன். திரும்பும்போது எங்கேயும் சுற்றவில்லை, நேராகச் செங்கல்பட்டுச் சாலையைப் பிடித்தோம்.

ஊருக்கு நாலு கல் இருக்கும்போது வண்டி இரண்டு தரம் விக்கியது. பிறகு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் புளியமரம். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். தரகர் இறங்கி, கடல் காத்து எதிரில் அடித்தது, மணலில் சக்கரம் இழுத்தது, மூன்று பேர் கனம் என்று வரிசையாகச் சொன்னார். முதலில் கனம் இல்லாமல் காற்றாக இருந்தவர் இப்போது கனமாகிவிட்டார். நான் தகரத்தைத் திறந்து கொடுத்தேன். சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். ஆனால் மிஷின் தப்பித்தது என்ற நினைப்புதான் எனக்கு முதலில் வந்தது.

மண்டியில் பாய் முன்னால் சுருக்குப்பையைக் கவிழ்த்தேன். அவர் கொட்டைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். கோபம் வரவில்லை, முகம் மட்டும் வாடியது. "நான் பொய் சொல்லல தங்கச்சி" என்றார். நன்றாக நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வழியிலேயே பஜார் தையல்காரரிடம் மிஷின் விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். ஒப்பந்தப்படி என் வீட்டுக்காரர் கார் பேச்சை எடுக்கவில்லை. வேறு எந்தப் பேச்சையும் எடுக்கவில்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை. அன்று நான் உப்புப் போட மறந்திருந்தேன்.

மறுநாள் காலையில் ஓர் அம்மாள், தன் பெண்ணுக்குத் தைத்த பாவாடையை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வந்தாள். கொடுத்த துணி இவ்வளவு, பாவாடை நீளம் இவ்வளவுதான், மீதித் துணி எங்கே என்று கேட்டாள். இது அடிக்கடி வருகிற சண்டை. வளர்கிற பெண்ணுக்குத் தைக்கும்போது பாவாடையில் மடிப்பு மடிப்பாக டக் பிடித்து வைப்போம். வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். வெளியிலிருந்து பார்த்தால் நீளத்தில் அது தெரியாது, ஆனால் துணி அதற்குள் போயிருக்கும். நான் பாவாடையைத் திருப்பிப் போட்டு அவளுக்குக் காட்டினேன். "உன் துணிய நான் தின்னலம்மா. உள்ளதான் கீது, பாரு."

முதல் மடிப்பைக் காட்டினேன். இரண்டாவது மடிப்பில் என் விரல் நின்றுவிட்டது.

மலை. மலையைச் சுற்றினோமே, அதற்கு நான் கொட்டை போடவே இல்லை. அந்தப் பாதையில் மைல்கல் கிடையாது. அது போகட்டும், கல் இருந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். சாமிக்குச் சுற்றினதை எங்கள் ஊரில் யாராவது தூரம் என்று சொல்வார்களா? எங்கே போய் வந்தாய் என்று கேட்டால், மலையைச் சுற்றினதைத் தூரத்தில் சேர்த்துச் சொல்ல மாட்டோம். இஞ்சின் மட்டும் சேர்த்துக்கொண்டது. கற்பூரம் எரிந்தபோதும், தேங்காய் வாங்கினபோதும், கூட்டத்தில் ஊர்ந்தபோதும் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த நாலு கல் துணி உள்ளேதான் இருந்தது.

அந்த அம்மாள் சமாதானமாகிப் போய்விட்டாள். நான் மிஷின் பலகைமேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்காவிட்டால் இது என்னுடையது. இவ்வளவு பேரையும் சந்தேகப்பட்டாயே, இப்போது உன்னை யார் சந்தேகப்படுவது என்று என் மனசே கேட்டது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

அவர் சீட்டில் உட்கார்ந்து கிளம்பக் காத்திருந்தார். ஜன்னல் வழியாகச் சொன்னேன். முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. "சாமிக்கு சுத்துனதுக்குமா கணக்கு கேக்குறே" என்றார். பிறகு பிடிபட்டது. ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் மண்டிக்குப் போனோம். தரகருக்குச் சொல்லி அனுப்பவில்லை. விஷயத்தைக் கேட்டதும் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் அந்த வழில நேரா போறவன். நீங்க மலைய சுத்துவீங்கன்னு எனக்கு எப்டித் தோணும்?"

அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வரும் வழியில் இன்னொன்றையும் யோசித்து வைத்திருந்தேன்.

"நீங்க நேரா போவீங்க பாய். இவரு போவமாட்டாரு. ரயில்லேர்ந்து எறங்குறவங்களும் பாதிப் பேரு போவமாட்டாங்க. எங்க கைக்கு வந்தா இந்த வண்டி தெனம் மலைய சுத்தும். உங்க கேலன் வேற, எங்க கேலன் வேற. வெலய எங்க கேலனுக்கு சொல்லுங்க."

பாய் என்னையும் என் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க சாமிக்கு என் கைலேர்ந்து பெட்ரோலா" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கொஞ்சம் குறைத்தார். பிறகு, மீதிக்கு மிஷினை வெளியே விற்க வேண்டாம், எனக்கே கொடுத்துவிடுங்கள் என்றார். அவர் வீட்டில் ஒரு மிஷின் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்கிறார்களாம். மத்தியானங்களில் நான் அங்கே வந்து என் வாடிக்கைத் துணிகளையும் அதிலேயே தைத்துக்கொள்ளலாம், அவர்கள் வீட்டுத் துணியைக் கூலி இல்லாமல் தைத்துக் கொடுத்தால் போதும் என்றார்.

இவ்வளவு நல்ல பேச்சு. எனக்கு மறுபடியும் சந்தேகம் வந்தது. வீட்டுக்கு வந்து விரல் விட்டுப் பார்த்தேன். அந்த வீட்டில் எத்தனை பெண்கள், எத்தனை குழந்தைகள், வருஷத்துக்கு எத்தனை பெருநாள். பாய்க்கு நஷ்டம் இல்லை என்று தெரிந்தது. நஷ்டம் இல்லாமல் செய்கிறார் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மனசு ஆறிற்று, சம்மதம் சொன்னேன். மிஷினை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போனபோது நானும் கூடவே நடந்தேன். சக்கரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று ஜட்காக்காரரிடம் இரண்டு தரம் சொன்னேன்.

டாக்சி ரயிலடியில் நின்றது. வாடகை பேசும்போது மகாபலிபுரத்துக்கு ஒரு விலை, மலை சுற்றினால் அதற்குத் தனி என்று பேச வேண்டும் என்று நான் கண்டித்துச் சொல்லியிருந்தேன். அவரும் அப்படியே பேசினார். பிறகு வந்த டாக்சிக்காரர்களும் "மலைக்குத் தனி" என்றுதான் பேசினார்கள்.

ஆனால் அவர் கொண்டுவந்து தருகிற பணத்தில் மலைக் காசு குறைவாகவே இருக்கும். கேட்டால், இன்றைக்கு வந்தவர்கள் யாரும் சுற்றவில்லை, நேராகப் போய்ச் சிலையைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள் என்பார். நான் பாய் வீட்டில் தையலை முடித்துக்கொண்டு வருகிற வழியில், வீட்டு முன்னால் நிற்கிற வண்டியின் டாங்கி மூடியைத் திறப்பேன். ஒரு மூங்கில் குச்சியில் கத்தியால் கோடு போட்டு வைத்திருந்தேன். குச்சியை விட்டு எடுத்தால் ஈரம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று தெரியும். பெட்ரோல் எனக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை. எந்தக் கிழவிக்கோ பிள்ளைக்காரிக்கோ காசு வாங்காமல் மலையைச் சுற்றிக் காட்டிவிட்டு வந்து, யாருமே சுற்றவில்லை என்கிறார் என்று அந்த ஈரத்திலேயே தெரிந்துவிடும்.

குச்சியைத் துடைத்து, கதவு இடுக்கில் செருகிவிட்டு உள்ளே போவேன். "இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தியா?" என்று கேட்பேன். "அப்டி ஒண்ணும் இல்லமே" என்பார், என் முகத்தைப் பார்க்காமல். சோறு போடுவேன்.